தரையில் பதித்த திருகைகள்

நீரால் சுழலும் மாவு ஆலை என்றால் நமக்குக் காலண்டர்ப் படம்தான் நினைவுக்கு வருகிறது: ஓடை, பாசி பிடித்த சக்கரம், சாந்தமான கிராமம். இந்தச் சாந்தத்தை நான் நம்புவதில்லை. இங்கிலாந்தில் ஸெயின்ட் ஆல்பன்ஸ் மடத்து ஆலைகளின் சரித்திரம் வேறுவிதமானது.

நீராலை கி.மு. முதல் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த கணக்கில் 5,000-க்கு மேற்பட்ட ஆலைகள் பதிவாகியுள்ளன. ஆனால் ஆலை இருந்ததால் மட்டும் ஜனங்கள் அங்கே போய்விடவில்லை. வீட்டில் திருகை இருந்தது. அதற்குக் கூலி கிடையாது. ஆலையிலோ தானியத்தில் ஒரு பங்கு கூலியாகப் போய்விடும். ஆகவே தன் ஆலையில்தான் அரைக்கவேண்டும் என்று மடம் விதித்தது. வீட்டுத் திருகை குற்றமாயிற்று. கூலியை அளந்து எடுத்தவன் ஆலைக்காரன்; ஜனங்கள் கண்ணில் பட்டவனும் அவனே. சாஸரின் கதைகளில் அவன் திருடனாக வருவதில் ஆச்சரியமில்லை.

1327-இல் ஊரார் கலகம் செய்து சில உரிமைகளைப் பெற்றார்கள். அவ்வாண்டே மடாதிபதியான வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் அவற்றைத் திரும்பப் பிடுங்கினார். 1331-இல் திருகைகளைப் பறிமுதல் செய்து, மடத்துக் கூடத்தின் தரையில் தளக்கற்களாகப் பதித்தார். இவர் ஒரு கொல்லரின் மகன். நட்சத்திரங்களின் போக்கைக் காட்டும் யந்திரக் கடிகாரம் ஒன்றையும் வடிவமைத்தவர். விஞ்ஞானமும் அடக்குமுறையும் ஒரே மூளையில் குடியிருந்தன என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடக் கூடாது.

நம் பாட்டிமார் திருகையை ஏந்திரம் என்பார்கள். யந்திரம் என்ற அதே சொல். எனவே இது கைக்கும் யந்திரத்துக்கும் நடந்த சண்டை அல்ல. யாருடைய யந்திரம் என்பதே வழக்கு.

ஐம்பது வருஷம் கழித்து, 1381 குடியானவர் எழுச்சியில், ஊரார் மடத்துக்குள் புகுந்து அந்தத் தளத்தைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, கோயில் பிரசாதம்போல் துண்டுதுண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தத் துண்டுகளால் ஒரு பிடி தானியம்கூட அரைக்க முடியாது. அவர்கள் மீட்டது கருவியை அல்ல, அவமானத்தின் நினைவை. எழுச்சியில் பரவிய கடிதங்களில் ஒன்றுக்கு ஜாக் மில்னர், அதாவது ஆலைக்கார ஜாக், என்று பெயர் வைத்திருந்தார்கள்; திருடன் என்று ஏசப்பட்டவனின் பெயர்தான் கலகத்துக்கும் உதவியிருக்கிறது. ஜூலையில் ஊர்த்தலைவர் வில்லியம் கிரிண்ட்காப் தூக்கிலிடப்பட்டார்.

இந்த வழக்கை 1935-இல் மார்க் ப்ளோக் நீராலை பற்றிய கட்டுரையில் எடுத்து வைத்தார். ஒரு கண்டுபிடிப்பு தோன்றுவது வேறு, வெல்வது வேறு என்பது அவர் காட்டிய பாதை. வெற்றிக்குப் பின்னால் திறமை மட்டுமல்ல, சட்டமும் சேவகர்களும் நிற்கிறார்கள். ப்ளோக்கை 1944-இல் ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள்.

மடம் 1539-இல் கலைக்கப்பட்டது. அதன் உடைமையாயிருந்த ரெட்போர்ன்பரி ஆலை வெர் ஆற்றங்கரையில் இன்றும் மாவு அரைக்கிறது. விருப்பமுள்ளவர்கள் போய் வாங்குகிறார்கள், யாருக்கும் கட்டாயமில்லை. கட்டாயம் போன பிறகே ஆலை அழகாயிற்று என்று தோன்றுகிறது.