பதித்த காரும் உட்பக்கம் தேய்ந்த ரயரும்

சென்ற சித்திரை மாதம், எல்லோரும் குளிர்கால ரயர்களைக் கழற்றிக் கோடைகால ரயர் பூட்டும் நாட்களில், எமது நிகழ்ச்சிக்கு நேயர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். மகன் பழைய பிஎம்டபிள்யூ ஒன்றை வாங்கி, ஸ்பிரிங் மாற்றி, நாற்பது மில்லிமீற்றர் பதித்து வைத்திருக்கிறாராம். தகப்பன் கிழமைக்கு ஒருதரம் ரயரைக் குனிந்து பார்ப்பவர். வெளிப்பக்கம் பூவெல்லாம் நல்லபடி இருந்ததாம். சில்லைக் கழற்றியபோதுதான் பின் ரயர் இரண்டின் உள் ஓரமும் கம்பி தெரியத் தேய்ந்திருந்தது தெரிந்தது.

“ரெண்டு கிழமைக்கு முன்னம்தான் அண்ணை, இந்தக் காரில பிள்ளையளோட டொவ்றெஃபியெல் மலையால ட்ரொன்ஹெய்ம் போய் வந்தனாங்கள். இது மகன்ர பிழையோ, ரயர்ர பிழையோ?” என்று கேட்டார்.

வானொலியில் இரண்டு நிமிடத்தில் ஏதோ சொல்லி முடித்தேன். சரியான விடைக்கு இருநூறு வருடம் பின்னோக்கிப் போகவேண்டும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முற்காலத்தில் ஐரோப்பிய நாற்சில்லுக் குதிரை வண்டிகளின் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரு முளையில் திரும்பியது. கடும் வளைவில் வண்டி சரிந்துவிடும். எங்கள் மாட்டு வண்டிலுக்குச் சில்லு இரண்டுதான், ஆதலால் அந்தத் தொல்லை எங்கள் ஆட்களுக்கு இருக்கவில்லை. மியூனிக் நகரில் வண்டி செய்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் 1817 அளவில் இதற்கு வழி கண்டார். அச்சு அசையாது நிற்க, அதன் இரு நுனிகளிலும் சில்லுகள் தனித்தனி முளையில் திரும்பும். இரண்டையும் ஒரு தடி இணைக்கும். இலண்டனில் அவரின் முகவராக இருந்த ருடொல்ஃப் அக்கர்மன் 1818இல் அங்கு காப்புரிமை எடுத்தார். நெல்சன் தளபதியின் இறுதி ஊர்வல வண்டியை வடிவமைத்தவரும் இந்த அக்கர்மன்தான். இன்றைக்கும் உலகம் இதை அக்கர்மன் முறை என்றே சொல்கிறது. கண்டுபிடித்தவர் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. கணக்கு எழுதுபவன் என்ற வகையில் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பதிவில் உள்ளதுதான் நிற்கும்.

சில்லுகள் தனித்தனியே திரும்பத் தொடங்கிய அன்றே, அவை இரண்டும் நேராக நிற்கின்றனவா என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. இணைக்கும் தடி கொஞ்சம் நீண்டால் அல்லது குறுகினால் சில்லுகளின் முன்பக்கம் ஒடுங்கும் அல்லது விரியும். இதைத்தான் கராஜ்காரர் ‘ரோ’ என்கிறார்கள். முன்னால் நின்று பார்க்கும்போது சில்லின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது ‘கேம்பர்’. நோர்வேஜியர் இவை எல்லாவற்றையும் சேர்த்து ‘ஹ்யூல்ஸ்டில்லிங்’ என்பார்கள்.

1930கள் வரை பெரும்பாலான கார்களின் முன் அச்சு ஒரே இரும்புத் துண்டு. அப்படியான காரைப் பதித்தாலும் உயர்த்தினாலும் சில்லின் சாய்வு மாறாது. ஆனால் ஒரு சில்லு பள்ளத்தில் விழுந்தால் மற்றச் சில்லும் ஆடும். ஆகவே ஒவ்வொரு சில்லையும் தனியே தொங்கவிடும் முறை வந்தது. இத்தாலியின் லான்சியா லம்டா 1922இலேயே இதைச் செய்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1934இல் தன் கார்கள் பலவற்றுக்கு இதைப் பூட்டியது. பின்னர் போர்ட் நிறுவனத்துக்கு வந்த ஏர்ல் மக்பேர்சனின் எளிமையான தூண் அமைப்பு, 1950இல் பிரித்தானிய போர்ட் கொன்சல் காரில் வந்து, பிறகு உலகம் முழுவதும் பரவியது.

இந்தச் சொகுசுக்கு ஒரு விலை உண்டு. தனியே தொங்கும் சில்லு நேராக மேலும் கீழும் போவதில்லை. கதவு பிணைச்சலில் திரும்புவதுபோல ஒரு வில் வளைவில் போகிறது. ஆகவே அதன் சாய்வு கார் நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. வடிவமைத்தவர் ஒரு குறித்த உயரத்தை மனதில் வைத்தே எல்லாக் கோணங்களையும் வரைந்திருப்பார். கட்டை ஸ்பிரிங் போட்டு உயரத்தைக் குறைத்தால், ஸ்பிரிங்கோடு சேர்த்துச் சில்லின் கோணங்களையும் மாற்றியவர்கள் ஆகிறோம்.

எங்களில் வயதானவர்களுக்கு இது புதிதல்ல. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. முறுக்கும் நீளக் கம்பிதான் பாரம் தாங்கியது. அந்தக் கம்பி காலப்போக்கில் தளர்ந்து கார் தானாகவே பதியும். யாழ்ப்பாணத்தில் மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் எத்தனையோ வருடம் ஓட்டினோம். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் இல்லாத காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. கணினி ஏது? சில்லோடு நூல் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து, தடியைத் திருகி நேர் பார்ப்பார்கள். இறங்கிய காரை உயர்த்துவதற்குத்தான் நாங்கள் காசு கொடுத்தோம். இங்கே பிள்ளைகள் பதிப்பதற்குக் காசு கொடுக்கிறார்கள்!

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் போருக்குப் பின் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் கார்களைத் தரையோடு ஒட்டப் பதித்து மெதுவாக ஊர்வலம் போனார்கள். சில்லின் இரும்பு விளிம்பை விடத் தாழ்வாகக் காரின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது என்று கலிபோர்னியா 1958இல் சட்டம் கொண்டுவந்தது. உடனே இளைஞர்கள், விமானங்களில் இருந்து கழற்றிய எண்ணெய் அழுத்தக் கருவிகளைப் பூட்டி, பொலிஸைக் கண்டால் காரை உயர்த்தினார்கள். நோர்வேயில் இந்த மோகம் நாட்டுப்புற இளைஞர்களுடையது. அவர்களின் செல்லப்பிள்ளை 1974 முதல் 1993 வரை உற்பத்தியான வொல்வோ 240. அதன் பின் அச்சு பழைய மாதிரி ஒரே துண்டு. எனவே பின் சில்லு சாயாது. பதித்தால் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த பிஎம்டபிள்யூவும், 2003இல் வந்த ஐந்தாம் தலைமுறை கொல்ஃபும் அப்படியல்ல. அவற்றின் பின் சில்லுகளும் தனித்தனியே தொங்குபவை. பதித்தால் பின் சில்லின் தலை உள்ளே சாயும். நேயரின் காரில் நடந்தது அதுதான்.

சாய்வு மட்டும் என்றால் ரயர் மெதுவாகத்தான் தேயும். உண்மையான கள்ளன் ரோ. ஒரு சில்லு அரைப் பாகை விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அது ஏறக்குறைய 8.7 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. வருடம் 15,000 கிலோமீற்றர் ஓடினால் 130 கிலோமீற்றர் வரும். ஒஸ்லோவில் இருந்து ஹாமார் வரை ரயரைக் குறுக்காக இழுத்துக்கொண்டு போவதற்கு அது சமம். அந்த இழுவை சாய்ந்த உள் ஓரத்தில் விழும்போது ஒரு பருவத்திலேயே ரயர் முடிந்துவிடும்.

இங்கே குளிர்கால ரயரின் பூ குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்கவேண்டும் என்பது சட்டம், கோடையில் 1.6. வெளிப்பக்கம் ஆறு மில்லிமீற்றர் இருந்து, உள் ஓரம் வழுவழுப்பாக இருந்தால், ஈரப் பனிச்சேற்றில் அந்த ரயரை நம்ப முடியாது. ‘ஈயூ கொன்ட்ரோல்’ பார்த்துக்கொள்ளும்தானே என்று சிலர் சொல்வார்கள். புதுக் காருக்கு நான்காம் வருடமும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் நடக்கும் பரிசோதனை அது. இடையில் எத்தனை ரயர் தேய்ந்துவிடும்!

எங்களுக்கு இந்த நாட்டில் ஒரு வசதி உண்டு. வருடத்தில் இரண்டுதரம் சில்லைக் கழற்றியே ஆகவேண்டும். ரயர்க் கடையில் விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகாமல், கழற்றிய ரயரைப் புரட்டி உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பதிப்பதென்றால், எவ்வளவு பதிக்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதை ஸ்தாத்தென்ஸ் வேய்வேசனிடம் முதலில் கேளுங்கள். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீற்றர் ஓடி அடங்கிய பின் நாலு சில்லையும் அளப்பியுங்கள். முன் சில்லு மட்டும் போதாது. பின் சாய்வைச் சரிசெய்யச் சில கார்களுக்குத் திருகி மாற்றக்கூடிய கைத்தடிகள் தேவைப்படும். அந்தச் செலவை ஸ்பிரிங்கின் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டும். பிள்ளைகள் ஸ்பிரிங்கின் விலையை மட்டும்தான் தகப்பனுக்குச் சொல்வார்கள்.

அந்த நேயர் ஆனி மாதத்தில் திரும்பவும் எடுத்தார். மகன் நாற்பதைக் கழற்றி இருபது மில்லிமீற்றர் ஸ்பிரிங் போட்டு, நாலு சில்லும் அளப்பித்து விட்டாராம். அளந்த கடுதாசியை மகனே கொண்டுவந்து காட்டி, எந்த எண் கேம்பர், எந்த எண் ரோ என்று தகப்பனுக்கு விளங்கப்படுத்தினாராம். “நான் ஊரில நூல் பிடிச்ச கதையை அவனுக்குச் சொன்னன் அண்ணை, சிரிக்கிறான்” என்றார்.