மனு எழுதப் போய் மன்றம் புகுந்த கதை

மலர்க் குழுவினர் வீடு தேடி வந்து, "ஐயா, நம்ம காலேஜ்ல படிச்சு கவுன்சிலர் ஆனவர் நீங்க, அதைப் பத்தி எழுதிக் குடுங்க" என்றார்கள். ஐந்து வருடம் ஒரு வார்டு உறுப்பினராக இருந்ததைச் சரித்திரம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் பி.ஏ. வரலாறு படித்தவன், பிறந்த வீட்டை விட்டு இன்றுவரை குடிபெயராதவன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்தை நாங்கள் பரீட்சைக்காகப் படித்தோம், எழுதினோம், மறந்தோம். நமக்குப் பக்கத்து ஈரோட்டில் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்து குடிநீர்த் திட்டத்துக்குப் பாடுபட்டவர் பெரியார். அதே காலத்தில் சேலம் நகராட்சித் தலைவர் ராஜாஜி. இவ்வளவு பெரிய மனிதர்கள் குழாய், சாக்கடை விவகாரத்தில் தொடங்கினார்கள் என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை.

1969-இல் நகராட்சித் தேர்தல் வந்தபோது நான் இரண்டாமாண்டு மாணவன். ராத்திரி முழுக்கப் பசை வாளியோடு சுற்றிப் போஸ்டர் ஒட்டினேன். எனக்கு ஓட்டு இல்லை. வாக்குரிமை வயது அப்போது 21. (அது 18 ஆனது 1989-இல்.) சரி, அடுத்த முறை போட்டுக்கலாம் என்று இருந்தேன். அந்த அடுத்த முறை 1986-இல் வந்தது! எனக்கு வயது 36, இரண்டு குழந்தைகள், தெருமுனையில் மளிகைக் கடை. இடைப்பட்ட காலத்தில் நகராட்சியை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் மாற்றலாகிப் போகிறவரிடம் எத்தனை முறை முதலிலிருந்து கதை சொல்வது?

எங்கள் தெருச் சாக்கடைதான் அந்தக் கதை. மழை பெய்தால் தண்ணீர் கீழ்க்கோடியில் இருக்கிற தறிக்காரர்களின் லைன் வீடுகளுக்குள் போகும். காலேஜ் படித்தவன் என்பதால் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கடைக் கணக்கு நோட்டு ஒன்றில் நகல் எடுத்து வைத்துக்கொள்வேன். 1986-இல் வந்த மன்றத்தின் காலம் 1991-இல் முடிந்தது, மறுபடி தனி அலுவலர். நோட்டு மட்டும் நிரம்பியது.

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்றது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமும் தந்தது. அதன்படி 1996 அக்டோபரில் தேர்தல். லைன் வீட்டுக்காரர்கள் கடைக்கு வந்து, "ஏனுங்க, எழுதுனது போதும், நீங்களே உள்ள போயிருங்க" என்றார்கள். சுயேச்சையாக நின்றேன். சொற்ப ஓட்டில் ஜெயித்தேன்.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, மன்றம் தீர்மானம்தான் போடும். நிறைவேற்றுவது ஆணையரும் பொறியாளரும். பணமோ சொத்து வரி வசூலையும் அரசு மானியத்தையும் நம்பி இருந்தது. என் சாக்கடை அஜெண்டாவில் ஏறி, டெண்டர் முடிந்து, 1998-இல் ஓவர்சியர் டேப்போடு தெருவுக்கு வந்தார்.

அளந்தால், சாக்கடை மேல் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுப் படிக்கட்டு! என் தாத்தா போட்ட கருங்கல் படி. எங்கள் அம்மா சாயங்காலம் உட்காருகிற இடம். ஓவர்சியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டுகிட்ட மட்டும் கொஞ்சம் வளைச்சுக்கலாமுங்க" என்றார். வளைத்தால் ஓட்டம் மட்டுப்படும். தண்ணீர் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? மற்ற ஏழு வீட்டுப் படியை இடிக்கச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கும்? அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி தூக்கமில்லை.

முதலில் எங்கள் படியைத்தான் பெயர்த்தார்கள். அம்மா வாசலில் நின்று பார்த்தார். "ஓட்டுப் போட்டவிய உங்க தாத்தன் கட்டுன படியையா கண்ணு இடிக்கச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இருபது நாள் வரவில்லை. வந்தபோதும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிவரை பேசவில்லை. அந்த வருடம் மழைக்கு லைன் வீடுகளில் தண்ணீர் ஏறவில்லை என்று நான் சொன்னதற்கு, "உம்" என்றார்.

2001-இல் மறுபடி நின்றேன், தோற்றேன். படி போன வீட்டு ஓட்டுகள் எந்தப் பக்கம் போயின என்று ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைக்குத் திரும்பினேன்.

2016-இல் மன்றங்களின் காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர். அடுத்த நகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. எங்கள் வார்டில் ஜெயித்த அம்மிணி நம் கல்லூரியின் பழைய மாணவி, அதுவும் வரலாறு! ஒருநாள் வீட்டுக்கு வந்து பழைய சாக்கடை எந்த வழியாகப் போனது என்று கேட்டது. என் மனு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ஐயா, இதுல பாதி இன்னும் அப்படியேதானுங்க இருக்குது" என்றது.

நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறது. இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.