எருசலேம்: ஒரு புனித நகரமும் அதன் நூறாண்டுத் திட்டங்களும்

யூதர், கிறிஸ்தவர், இசுலாமியர் ஆகிய மூன்று சமயத்தாருக்கும் புனிதமான நகரம் எருசலேம். அரபு மொழியில் அல்-குத்ஸ் என்பர். 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமன் சுல்தான் சுலைமான் எழுப்பிய மதிலுக்குள் அடங்கிய பழைய நகரின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். மேற்குச் சுவர், புனிதக் கல்லறைத் தேவாலயம், அல்-அக்சா பள்ளிவாசல் மூன்றும் அதற்குள்ளேயே உள்ளன. அங்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏனெனில், கற்களைக் காப்பதில் காட்டிய அக்கறையை இந்நகருக்கான திட்டங்கள் குடியிருப்போரிடம் எப்போதும் காட்டியதில்லை.

கல் விதி

1917 டிசம்பரில் நகரம் பிரித்தானியர் வசமானது. இராணுவ ஆளுநர் ரொனால்ட் ஸ்டோர்ஸ், தம் அனுமதியின்றி எதையும் இடிக்கவோ கட்டவோ கூடாது என 1918இல் ஆணையிட்டார். பழைய நகரில் தகரக் கூரைக்கும் சாந்துப் பூச்சுக்கும் தடை வந்தது. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லே வெளிமுகமாக இருக்கவேண்டும் என்ற விதி பின்னர் நகர் முழுமைக்கும் விரிந்து இன்றும் நடப்பில் உள்ளது. இன்றைய அடுக்குமாடிகளில் கல் மேலுறை மட்டுமே. உள்ளே இருப்பது கான்கிரீட்.

அதே ஆண்டில் அலெக்சாந்திரியாவின் நகரப் பொறியாளர் வில்லியம் மக்லீன் முதல் திட்டத்தை வரைந்தார். பழைய நகரைக் காப்பது, மதிலைச் சுற்றிக் கட்டடமற்ற வெளியை விடுவது, புதிய நகரை வடக்கிலும் மேற்கிலும் வளர்ப்பது என்பதே அதன் சாரம். பின்வந்த திட்டங்கள் பலவற்றுக்கும் இதுவே சட்டகம்.

கெடிஸ் வருகை

1919இல் எருசலேம் வந்த ஸ்கொட்லாந்து அறிஞர் பட்ரிக் கெடிஸ் தமிழருக்கு அந்நியர் அல்லர். 1914இல் அவர் தம் நகரமைப்புக் கண்காட்சியை இந்தியாவுக்கு அனுப்பியபோது, அதை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. ஆம், சென்னையில் குண்டு வீசிய அதே எம்டன்தான். வேறு பொருட்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்திக்காட்டினார். மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார். தெருவை நேராக்குவதற்காக வீடுகளை வரிசையாக இடிக்காதீர்கள், இயன்றவரை குறைவாக இடித்து ஊருக்குள் காற்றும் வெளியும் வரச் செய்யுங்கள் என்பதே அவர் கொள்கை. எபிரேயப் பல்கலைக்கழகத்தைத் திட்டமிட அழைக்கப்பட்ட அவர், எருசலேம் நகருக்கும் ஒரு திட்டம் தந்தார். மேடுபள்ளத்தைப் பாராமல் போடப்பட்ட மக்லீனின் நேர்த்தெருக்கள் அவருக்கு உவப்பாக இல்லை.

1967

1949 போர்நிறுத்தக் கோடு நகரை இரண்டாக்கியது. 1967 ஜூனில் கிழக்குப் பகுதியை இஸ்ரேல் கைப்பற்றியது. ஜூன் 10 இரவு, மேற்குச் சுவரை ஒட்டியிருந்த மொரோக்கர் குடியிருப்பை இடிக்கத் தொடங்கினார்கள். 1193இல் சலாகுதீனின் மகன் அறக்கொடையாக ஏற்படுத்திய குடியிருப்பு அது. சுமார் 135 வீடுகள் தரைமட்டமாயின. குடியிருந்தோருக்குக் கிடைத்த அவகாசம் சில மணிநேரம்தான். இன்று பயணிகள் நின்று படமெடுக்கும் விரிந்த முற்றம் அவ்விடமே.

தொடர்ந்து ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர் நிலம் நகர எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. இந்த இணைப்பு செல்லாது என்று 1980இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை 478ஆம் தீர்மானத்தில் அறிவித்தது. நகர முதல்வர் டெடி கொலக் கூட்டிய பன்னாட்டுக் குழுவோ, 1968 பெருந்திட்டத்தை 1970இல் கடுமையாகச் சாடியது. கெடிஸைத் தம் ஆசானாகக் கொண்ட லூயிஸ் மம்ஃபோர்டு அக்குழுவில் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. யுனெஸ்கோ 1981இல் பழைய நகரையும் மதில்களையும் உலக மரபிடமாக ஏற்று, மறு ஆண்டே ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் வைத்தது.

எண்களும் வீடுகளும்

2004இல் வெளியான 'எருசலேம் 2000' திட்டம் யூதர் 70, அரபியர் 30 விழுக்காடு என்ற அரசின் இலக்கைக் குறிப்பிட்டு, 60க்கு 40 என்பதே நடைமுறையில் நேரக்கூடியது என்றும் ஒப்புக்கொண்டது. மக்கள்தொகை விகிதத்தை நகர வரைபடத்தின் நோக்கமாக வைத்தால் என்ன நேரும்? கிழக்கு எருசலேமில் பாலஸ்தீனர் வீடு கட்டுவதற்கென ஒதுக்கப்பட்ட நிலம் 13 விழுக்காடே என்கிறது ஐ.நா. அலுவலகம் ஒன்றின் கணக்கு. அனுமதி கிடைப்பது அரிது. அனுமதியின்றிக் கட்டினால் இடிப்பாணை வரும்.

சுற்றுலா

2011இல் இலகு தொடருந்து ஓடத் தொடங்கியது. மதிலோரம் வரை மணிக்கு 3,000 பேரை ஏற்றிச்செல்லும் கம்பிவண்டித் திட்டத்துக்கு 2019இல் அரசு ஒப்புதல் தந்தது. அதை எதிர்த்தோரில் கட்டடக்கலைஞரும் தொல்லியலாளரும் இருந்தனர். 2022இல் உச்ச நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. எபிரேய நாட்காட்டியின் 5800ஆம் ஆண்டை, அதாவது 2039-40ஐப் பெயராகக் கொண்ட தனியார் திட்டமொன்று, ஆண்டுதோறும் கோடிக்கும் மேற்பட்ட பயணிகளைக் கனவு காண்கிறது. நடப்பு வேறு. 2019இல் இஸ்ரேலுக்கு வந்தோர் 45 இலட்சம். போர் நடந்த 2024இல் பத்து இலட்சத்துக்கும் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்து அரசு உதவியுடன் கிறிஸ்தவர்கள் அங்கு புனிதப் பயணம் போகிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் தமிழர் போவதுண்டு. போகிறவர்கள் மேற்குச் சுவர் முற்றத்தில் நிற்கும்போது, அந்த இடம் எப்படி வெளியாயிற்று என்பதையும் அறிந்து நிற்பது நல்லது. மதுரையிலும் தஞ்சையிலும் கெடிஸ் கேட்ட கேள்வியும் அதுதான்: இதை இடித்தால் இங்கிருப்பவர் எங்கே போவார்?