‘இரவு ஒன்று’ என்றால் எத்தனை மணி? தூக்கத்துக்குத் தரப்படும் மனச்சோர்வு மருந்தும் பெரம்பலூர், அரியலூர் விடியற்காலையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பலருக்கு நாள் நாலு மணிக்கே பிறந்துவிடுகிறது. பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்கள் இருட்டோடு கறந்தாக வேண்டும். பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் வெயில் ஏறுவதற்குள் பாதி நிரையை முடிக்கப் பார்ப்பார்கள். சிமெண்ட் ஆலையில் காலை ஷிப்ட் பார்ப்பவர் ஊரிலிருந்து ஐந்து மணிக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். இவர்களில் ஒருவர் தூக்கம் வரவில்லை என்று மருத்துவமனைக்குப் போனால், அமிட்ரிப்டிலின் 10 அல்லது 25 மில்லிகிராம் கிடைப்பது அரிதல்ல. சீட்டில் 0-0-1 என்றிருக்கும். மருந்து கொடுப்பவர் அதை ‘நைட்டு ஒண்ணு, சாப்பிட்டுட்டு’ என்று வாயால் சொல்வார். நாலைந்து நாள் கழித்து வரும் புகாரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: ‘தூக்கம் வருது, ஆனா காலைல மப்பாவே இருக்கு, எந்திரிக்க முடியல.’ அடுத்த வாரம் மாத்திரை நின்றுபோகும்.

இந்த மப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. நோயாளி ‘மருந்து ஒத்துக்கல’ என்பார். மருத்துவர் ‘பவர் கொஞ்சம் ஜாஸ்தி’ என்பார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை, மாத்திரையைவிடச் சீட்டில் எழுதாமல் விட்ட மணிக்கே பெரும்பங்கு என்பது என் வாதம்.

முதலில் மருந்தைப் பார்ப்போம். அமிட்ரிப்டிலின் 1961இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது தூக்கத்துக்காக அல்ல, மனச்சோர்வுக்காக. அதன் குடும்பத்தில் மூத்ததான இமிப்ரமினின் வேர், ஒவ்வாமைக்கு மருந்து தேடிய ஹிஸ்டமின் தடுப்பு ஆராய்ச்சியில் இருக்கிறது. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் பொருள்களில் ஹிஸ்டமின் ஒன்று. அதன் வாசலை அமிட்ரிப்டிலின் மிகக் குறைந்த அளவிலேயே அடைத்துவிடும். இதேபோல் தூக்கத்துக்குத் தரப்படும் மற்ற மனச்சோர்வு மருந்துகளான ட்ரசோடோன், மிர்ட்டசபின் ஆகியவை தரும் தூக்கத்திலும் இந்த அடைப்பில் பங்குண்டு. ஆகவே தூக்கம் இங்கே தற்செயலாக ஒட்டிக்கொண்ட பக்கவிளைவு அல்ல. சளிக்கென்று சி.பி.எம். மாத்திரையும் அதே இரவில் போட்டால் மப்பு ஏன் கூடுகிறது என்பதும் இதனால் விளங்கும்: இரண்டும் அடைப்பது ஒரே வாசலை.

இனி கணக்கு. அமிட்ரிப்டிலினின் அரை ஆயுட்காலம், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஆளுக்கு ஆள் மாறும். தோராயமாக 20 மணி என்று கொள்வோம். அப்படியானால், உச்சத்தைத் தொட்டு ஏழு மணி நேரம் ஆன பிறகும் ரத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் மிச்சமிருக்கும். நாள்தோறும் போட்டால் முந்தைய நாளின் மிச்சத்தின் மேல் புதிது சேர்ந்து, ஒரு வாரத்துக்குள் ரத்தத்திலுள்ள அளவு முதல் நாளைப் போல ஒன்றேமுக்கால் மடங்குவரை ஏறிவிடும். கல்லீரலில் இதைச் சிதைக்கும் நொதிகளில் ஒன்றான சி.ஒய்.பி.2சி19 பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்கள் ஐரோப்பியரிடையே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். தென்னிந்தியரிடையே பத்துக்கும் மேல். அவர்களுக்கு மருந்து இன்னும் மெதுவாகவே வடியும்.

இந்தக் கணக்கை மட்டும் நம்பினால், மப்பு நாளுக்கு நாள் கூட வேண்டும். நடப்பது நேர்மாறு. நெதர்லாந்தில் நாள்பட்ட நரம்பு வலி நோயாளிகளுக்கு இரவில் 25 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் கொடுத்து, மறுநாள் உண்மையான சாலையில் கார் ஓட்டச் செய்து சோதித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. முதல் மாத்திரைக்குப் பதின்மூன்று மணி நேரம் கழித்தும் வண்டி கோட்டுக்குள் நிற்காமல் அலைந்தது. இரண்டு வாரம் தொடர்ந்த பிறகு, வெற்று மாத்திரை போட்ட நாளுக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ரத்தத்தில் மருந்து ஏறியிருக்கிறது, மப்போ இறங்கியிருக்கிறது. ஹிஸ்டமின் அடைப்புக்கு மூளை பழகிக்கொள்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். நம் நோயாளிகள் மாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் அந்தப் பழக்கம் அமைவதற்கு முன்பு. (அதே பழக்கம் தூக்கம் தரும் குணத்தையும் மெல்லத் தேய்க்கக்கூடும் என்பது இந்த மருந்துகளை எழுதுவோர் அதிகம் பேச விரும்பாத செய்தி.)

அப்படியானால் மணி எங்கே வருகிறது? அரை ஆயுட்காலம் இருபது மணி என்றால் இரண்டு மணி நேரம் முன்னே பின்னே போடுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் மந்தத்தைத் தீர்மானிப்பது சராசரி அளவு மட்டுமல்ல, உச்சம் விழும் நேரமும்கூட. அமிட்ரிப்டிலின் உச்சத்தைத் தொட நாலு மணி நேரம்போல ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதல். சீரியல் முடிந்து, பாத்திரம் கழுவி, பத்தரை மணிக்கு மாத்திரை போடும் பெண்ணுக்கு உச்சம் இரண்டரைக்கு. நாலு மணிக்கு அவர் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போகிறார். உடல் வெப்பம் அடிமட்டத்தில் கிடக்கும் நேரமும் ஏறக்குறைய அதுவே. போதாததற்கு அவர் தூங்கியது ஐந்தரை மணி நேரம் மட்டும். மப்பில் ஒரு பங்கு மாத்திரை இல்லாமலேயே இருந்திருக்கும். ஏழரைக்குப் போட்டிருந்தால் உச்சம் நள்ளிரவுக்கு முன்பே கடந்திருக்கும். காலையில் மந்தமாக இருந்தால் மாலையில் இன்னும் முன்னதாகப் போட்டுப் பாருங்கள் என்று இங்கிலாந்தின் தேசிய நலச்சேவை தன் நோயாளிகளுக்குச் சொல்கிறது. நம் சீட்டின் 0-0-1இல் அதற்கு இடமில்லை. எழும் நேரத்தைக் கேட்டு, அதிலிருந்து எட்டு ஒன்பது மணி நேரம் பின்னோக்கி எண்ணி, ‘ஏழரை மணிக்கு’ என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

மணியை எழுதினாலும் போதாது, மாத்திரையின் அளவும் வீட்டில் தெரிய வேண்டும் என்பதற்கு மாத்திரை அட்டையே சாட்சி. பத்து மாத்திரை அட்டையைக் கத்திரியால் வெட்டி நாலு கொடுக்கும்போது, பெயரும் மில்லிகிராமும் அச்சான பக்கம் கடையிலேயே தங்கிவிடுவதுண்டு. வீட்டுக்கு வருவது வெறும் வெள்ளித்தாள். அது பத்தா இருபத்தைந்தா என்று தெரியாதபோது, ‘பாதியாக் குறைச்சுப் போடுங்க’ என்று தொலைபேசியில் சொல்வதற்கு அர்த்தமில்லை.

சுழல் ஷிப்ட்காரருக்கு என் கணக்கு முழுதாகப் பொருந்தாது. இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று மாறுகிறவருக்கு நீண்ட அரை ஆயுட்காலமுள்ள மருந்தை எந்த மணிக்குக் கொடுத்தாலும் அது வேலை நேரத்துக்குள் வழிந்தே தீரும். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுநருக்கும் அப்படியே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு சாராயத்தை மட்டும் பேசவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் ஓட்டுவதும் குற்றம் என்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் இன்னொரு ஆபத்து உண்டு. இரவு முறையில் மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடப் போகிறவர், மாத்திரையின் உச்சத்தில், கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணற்று மேட்டில் நிற்பார். மருத்துவர் கேட்காவிட்டால் அவர் இதைச் சொல்லமாட்டார். மாத்திரைக்கும் மோட்டாருக்கும் தொடர்பு இருக்கிறதென்று அவருக்குத் தோன்ற வழியில்லை.

மூளை பழகும்வரை இரண்டு வாரம் பொறுங்கள் என்ற அறிவுரையும் எல்லோருக்கும் ஆகாது. அறுபத்தைந்தைத் தாண்டியவர் படுக்கையிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சரிந்து விழுந்தால், இடுப்பு முறிவுக்கு முதல் நாளே போதும். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், ஒருவகைக் கண் அழுத்தநோய் உள்ளவர்களுக்கும் அமிட்ரிப்டிலின் தகாது. ட்ரசோடோன் சீக்கிரம் வடிவதால் மாற்றாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017இல் தூக்கமின்மைக்கு அதை வேண்டாமென்றே பரிந்துரைத்தது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் முதலிடம் கொடுத்தது எந்த மாத்திரைக்கும் அல்ல. நித்தம் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்த பிறகே படுப்பது, படுக்கையில் விழித்துக் கிடக்காதிருப்பது என்று பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்செய்யும் சிகிச்சைக்கு. அதன் பாதி நிபந்தனையை மாட்டுக்காரர் ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டார்: விசேஷ நாளானாலும் அவர் எழுவது நாலு மணிக்குத்தான். மற்றப் பாதியைச் சொல்லித்தர மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் போதும். அதைத் தொடங்காமல் மாத்திரையின் மணியை மட்டும் திருத்துவது, மப்புப் புகாரோடு திரும்பி வரும் அந்த முதல் வாரத்துக்குத்தான் உதவும்.