"இந்த வயசுல எதுக்கு?": வயதுப் பாகுபாடு வீட்டிலும் வேலையிலும்

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

இந்தக் கேள்வியை வீட்டில் கேட்டிருப்பீர்கள். நீங்களே கேட்டும் இருக்கலாம். பாட்டி நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாலோ தாத்தா புது வேலைக்கு விண்ணப்பித்தாலோ அக்கறையில்தான் அப்படிச் சொல்கிறோம். ஒருவருடைய இனத்தைப் பார்த்து, "உங்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்டால் தப்பு என்று உடனே தெரியும். வயதைப் பார்த்துக் கேட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை.

இதுதான் வயதுப் பாகுபாடு. ஆங்கிலத்தில் 'ஏஜிசம்'. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969இல் உருவாக்கிய சொல் அது. உலகில் இருவரில் ஒருவர் மூத்தோரை அப்படித்தான் பார்க்கிறார் என்றது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை. "சின்னப் பையன், உனக்கென்ன தெரியும்?" என்று உங்களிடம் சொன்னால் அதுவும் வயதுப் பாகுபாடுதான்.

அன்பாகவும் வரும்

கிளினிக்கில் டாக்டர், "பாட்டிக்கு எத்தனை நாளா இருமல்?" என்று உங்களைப் பார்த்துக் கேட்பார். பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நீங்களும் பதில் சொல்லிவிடுவீர்கள்!

உணவங்காடியில் கடைக்காரரை "அங்கிள்" என்று கூப்பிடுவது மரியாதை. "அங்கிளுக்கு இந்த ஆப் எல்லாம் புரியாது" என்பது வேறு.

கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஏதோ ஒரு செயலியில் தடுமாறினால், "குடுங்க, நானே பண்றேன்" என்று வாங்கிவிடுகிறோம். வேலை 10 விநாடியில் முடிந்துவிடும். அம்மா கற்றுக்கொள்ளவில்லை. நாலு தடவை அப்படி நடந்தால், "எனக்கு வயசாச்சு, இதெல்லாம் வராது" என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். பிறர் சொன்னது அவருடைய சொந்த நம்பிக்கையாகிவிடுகிறது. அதுதான் கவலைக்குரியது.

ஏன்? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரை வைத்து ஆய்வாளர் பெக்கா லெவியின் குழு நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. தாங்கள் மூப்படைவதைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்தனர். உடல்நிலை, தனிமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் தெரிந்தது.

வேலை தேடும்போது

"இளமைத் துடிப்புள்ள எங்கள் குழுவில் சேருங்கள்!"

வேலை விளம்பரத்தில் இப்படி எழுதலாமா? கூடாது. குறிப்பிட்ட வயதினரை விரும்புவதாகக் காட்டும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கின்றன சிங்கப்பூரின் முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள். தேவையில்லாமல் விண்ணப்பப் படிவத்தில் வயதைக் கேட்பதும் சரியில்லை.

ஆனால் வயதை மறைப்பது அவ்வளவு சுலபமா? படிப்பை முடித்த ஆண்டே காட்டிக்கொடுத்துவிடும். 57 வயதுக்காரருக்கு நேர்முகத் தேர்வுக்கே அழைப்பு வரவில்லை என்றால், காரணம் வயதுதான் என்று அவர் எப்படி நிரூபிப்பார்? "உங்கள் அனுபவம் இந்த வேலைக்கு அதிகம்" என்ற பதில் பாராட்டு மாதிரிகூட ஒலிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றில் வயதைக் காரணமாக்குவதற்கு அதில் தடை உண்டு. 55 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க அனுமதி இருக்கிறது. 25 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. சின்னக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் மூத்தோர் எத்தனை பேர் என்று யோசித்தால், அது சின்ன விலக்கு அல்ல.

ஓய்வு வயதைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் பலருக்கு இருக்கிறது. அந்த வயது வந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஊழியருக்கான பாதுகாப்பு. அந்த வயதுக்கு முன் வயதைக் காட்டி ஒருவரை வேலையைவிட்டு அனுப்பக்கூடாது. அதன் பிறகும், நன்றாக வேலை செய்து உடல்நலத்துடன் இருக்கும் தகுதிபெற்ற ஊழியருக்கு மறுவேலை கொடுக்க முன்வர வேண்டும். ஓய்வு வயது 2022 ஜூலையில் 63 ஆனது, மறுவேலை வயது 68. 2026 ஜூலை 1 முதல் 64, 69. 2030க்குள் 65, 70.

அப்பாவுக்கு ஓய்வு வயது நெருங்குகிறதா? குறைந்தது 6 மாதத்துக்கு முன் நிறுவனம் அவரிடம் பேசத் தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டி. மறுவேலை ஒப்பந்தம் 3 மாதத்துக்கு முன் கைக்கு வர வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்காவது இருக்க வேண்டும். சம்பளமும் வேலையும் மாறலாம், அதைப் பேசித் தீர்மானிக்கலாம். கொடுக்கப் பொருத்தமான வேலை இல்லையென்றால் நிறுவனம் ஒருமுறை உதவித்தொகை தர வேண்டும். "வயசாச்சு, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதவள அமைச்சையோ தொழிற்சங்கத்தையோ கேட்கச் சொல்லுங்கள். பாகுபாடு காட்டும் விளம்பரம் கண்ணில் பட்டால் அதைப் படமெடுத்து 'டஃபெப்' அமைப்பிடம் புகார் கொடுக்கலாம்.