ஓவியரும் ஆசிரியரே: ராண்டால்ப் கால்டிகாட்டின் பணிவாழ்வு

குழந்தைகளுக்கான படநூலில் பாட்டு எழுதியவரை ஆசிரியர் என்கிறோம். படம் வரைந்தவரை அவருக்குத் துணைநின்றவராகவே எண்ணிப் பழகிவிட்டோம். இப்பழக்கத்தை முதலில் அசைத்தவர்களுள் தலையாயவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ராண்டால்ப் கால்டிகாட். படம் வரைந்த முறையாலும் ஊதியம் பெற்ற முறையாலும் அவர் இதனைச் செய்தார்.

1846ஆம் ஆண்டு செஸ்டர் நகரில் பிறந்த கால்டிகாட், பதினைந்தாம் வயதில் விட்சர்ச் என்னும் சிற்றூரின் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். குதிரைகளும் வேட்டைநாய்களும் சந்தைகளும் நிறைந்த அந்த நாட்டுப்புறமே பின்னாளில் அவருடைய படங்களின் நிலைக்களமாயிற்று. 1867இல் மான்செஸ்டர் வங்கிக்கு மாறியபின், பகலில் கணக்கும் மாலையில் ஓவியப் பள்ளியுமாகக் காலம் கழிந்தது. 1872இல் வங்கி வேலையைத் துறந்து இலண்டன் சென்றார். இதழ்களுக்கு வரைந்து பிழைத்த அவருக்கு, வாஷிங்டன் இர்விங்கின் கிறிஸ்துமஸ் பற்றிய நூலுக்கு வரைந்த படங்கள் பெயர் தேடித்தந்தன.

அந்நாளில் வண்ணப் படநூல்களை அச்சிடுவதில் வல்லவர் எட்மண்ட் எவன்ஸ். அவருக்காகப் பல ஆண்டுகள் வரைந்த வால்டர் கிரேன், விற்பனையில் ஒரு சிறு பங்கு கேட்டார். வெளியீட்டாளர் ரூட்லெட்ஜ் இணங்கவில்லை. நூல் எத்தனை பதிப்புக் கண்டாலும் ஓவியருக்கு ஒருமுறை கொடுத்த தொகையோடு சரி என்பதே வழக்கமாக இருந்தது. கிரேன் விலகி நின்றபோது எவன்ஸ் கால்டிகாட்டை நாடினார். கால்டிகாட் மொத்தத் தொகை பெற உடன்படவில்லை. விற்றால் பங்கு, விற்காவிட்டால் தம் உழைப்புக்கு ஒன்றுமில்லை என்ற உடன்பாட்டை ஏற்றார். வங்கியில் கணக்கெழுதிய கை அல்லவா! 1878 கிறிஸ்துமஸுக்கு முதல் இரு நூல்கள் ஒரு ஷில்லிங் விலையில் வெளிவந்தன. பத்தாயிரம் படிகளாக அச்சிட்ட முதற்பதிப்பு விரைவில் விற்றுத் தீர்ந்தது.

இந்நூல்கள் உருவான விதமும் அறியத்தக்கது. கால்டிகாட் தாளில் மைக்கோடுகளால் வரைவார். அது புகைப்பட முறையில் மரக்கட்டையில் பதிக்கப்பட்டு, கோடு பிசகாமல் செதுக்கப்படும். அதிலிருந்து பழுப்பு மையில் எடுத்த மாதிரிப் படிக்கு அவர் வண்ணம் தீட்டித் தருவார். பின்னர் தோல்நிறம், சிவப்பு, நீலம், மஞ்சள், சாம்பல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டை. நிறங்கள் குறைவு, கோடோ அதனினும் சிக்கனம். எவற்றை விட்டுவிடலாம் என்பதையே அவர் ஒரு கல்வியாகப் பயின்றார். கோடு குறைந்தால் பிழையும் குறையும் என்பது அவர் கருத்து.

அவருடைய பெருந்திறம், சொல் சொல்லாததைப் படம் சொல்வது. 1882இல் வெளிவந்த நூலில் இரண்டு பழைய மழலைப் பாடல்கள் உள்ளன. முதற்பாட்டில் தட்டு கரண்டியோடு ஓடிப்போகிறது. பாட்டும் அங்கே முடிகிறது. கால்டிகாட் இன்னும் ஒரு படம் வரைகிறார். தட்டு உடைந்து கிடக்கிறது. கரண்டியை முள்கரண்டியும் கத்தியும் பெற்றோர்போல் இழுத்துச் செல்கின்றன. அடுத்த பாட்டில் குழந்தையைப் போர்த்த முயல்தோல் தேடித் தந்தை போகிறார். அதன் இறுதிப் படத்தில், முயல்தோல் அணிந்து தாயுடன் உலாவும் குழந்தையை மேட்டிலிருந்து முயல்கள் கூட்டமாக நோக்குகின்றன. தான் அணிந்திருப்பது எதுவென்று குழந்தைக்குப் புலப்படுகிறதோ என ஐயுறுகிறோம். பாட்டில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. உள்ளுறையும் இறைச்சியும் அறிந்த நமக்கு இந்த உத்தி அயலானதன்று.

ஆண்டுக்கு இரண்டாக எட்டு ஆண்டுகளில் பதினாறு நூல்கள். இடையே இதழ்ப் பணிகள், பிறர் கதைகளுக்கான படங்கள். உடலோ இளமையில் கண்ட காய்ச்சலால் நலிந்தது. இதயமும் வயிறும் ஓயாது துன்புறுத்தின. 1885இல் வெப்பநாட்டை நாடியும் அமெரிக்க வாழ்வைப் படமாக்கவும் கடல் கடந்தார். 1886 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் உயிர் நீத்தார். நாற்பது வயது நிறையவில்லை.

அவர் மறைந்த அந்நாட்டிலேயே 1938 முதல் சிறந்த படநூல் ஓவியருக்கு அவர் பெயரால் பதக்கம் வழங்கப்படுகிறது. 1964இல் அதனைப் பெற்ற மாரிஸ் செண்டாக், இக்காலப் படநூல் கால்டிகாட்டிடமே தொடங்குகிறது என்று எழுதினார். செண்டாக்கின் பரிசு நூலிலும் மூன்று இரட்டைப் பக்கங்களில் சொல்லே கிடையாது. படம் மட்டுமே கதையை நடத்துகிறது.

நம்முள் பலர் குழந்தைப் பாடல்கள் எழுதுகிறோம். அவற்றை நூலாக்கும் வேளையில் ஓவியரைத் தேடுகிறோம். அப்போது கால்டிகாட் நினைவுக்கு வருவாராக. ஓவியரின் பெயர் கவிஞர் பெயருக்கு அருகில் இடம்பெற வேண்டும். விற்பனையில் அவருக்கும் பங்கு வேண்டும். எல்லாவற்றையும் நாமே சொல்லி முடித்துவிடாமல், அவர் சொல்வதற்கென ஒரு பக்கத்தையாவது வெறுமையாக விடவும் வேண்டும்.