லேபிளும் மருந்தும்

போன மாசம் திருத்தங்கல் போயிருந்தபோது அக்கா மகளோட பழைய மடிக்கணினியைத் தூசி தட்டினேன். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்காது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது அது. எல்லாத்தையும் அழித்துவிட்டு ஆர்ச் லினக்ஸ் போட்டேன். இனி அக்காவின் கடைக் கணக்கு, பேங்க் வேலை எல்லாம் இதில்தான். அதனால் இந்தக் குறிப்பு.

எங்க பக்கம் லேபிள் அச்சடிக்கிறதும், வெடிக்கு மருந்து அடைக்கிறதும் பக்கத்துப் பக்கத்துல நடக்கும். லேபிளை வைத்து உள்ளே என்ன மருந்துன்னு சொல்ல முடியாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லினக்ஸில் மட்டும் இதை நான் ரொம்ப நாள் மறந்திருந்தேன்.

முதல்ல ஐஎஸ்ஓ. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோட் லிங்க்கை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ-வைக் கொடுத்தார்கள். தளத்துக்குள்ளேயே புகுந்தவன் அங்கே இருக்கும் செக்சம் எண்ணையும் மாற்றலாம். அதனால் ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபார்க்கணும்.

அடுத்து ஏயூஆர். ஆர்ச் பயனர்களே எழுதி ஏற்றும் பொதிகளின் களஞ்சியம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் பிகேஜிபில்ட் என்கிற சமையல் குறிப்புதான். சமைப்பது நம்ம கணினி. பராமரிக்க ஆள் இல்லாத பொதியை யாரும் தத்தெடுக்கலாம். 2018 ஜூலையில் ஒருவர் அப்படி அக்ரோரீட் பொதியை எடுத்து, வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் இறக்கி ஓட்டும் ஒரு வரியைச் சேர்த்தார். பெயர் பழசு, ஆள் புதுசு. 2025 ஜூலை 16-ல் ஃபயர்பாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் உலாவிகளின் பெயரை ஒட்டி மூன்று பொதிகள் வந்தன. உள்ளே, கணினியைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் நிரல். 18-ஆம் தேதிதான் நீக்கினார்கள்.

அப்போ அதிகாரபூர்வப் பொதி மட்டும் போதுமா? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் அதையும் ஆட்டியது. வருஷக்கணக்கில் நல்ல பிள்ளையாக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒரு பராமரிப்பாளரே 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் அதைக் கண்டுபிடித்தார். ஆக, கையொப்பம் யார் தந்தது என்று சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

இப்போ நான் செய்வது: பிகேஜிபில்டைத் திறந்து, சோர்ஸ் முகவரி அசல் திட்டத்துடையதா என்று பார்ப்பேன். இன்ஸ்டால் கோப்பைக் கட்டாயம் படிப்பேன். அது ரூட் அதிகாரத்தில் ஓடும். கர்ல் வழியாக எதையாவது இறக்கி நேரே ஷெல்லுக்குத் தள்ளினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். பராமரிப்பவர் சமீபத்தில் மாறினாரா என்று பார்ப்பேன். ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறிய வரிகளை மட்டுமாவது படிப்பேன், ஏன்னா 2018-ல் விஷம் வந்தது அப்டேட் வழியாகத்தான்.

அக்காவின் பிரின்டருக்கு ஏயூஆரில் ஒரே ஒரு பொதி தேவைப்பட்டது. படிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. "இன்னும் முடியலையா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டாள். தப்பாக எதுவும் இல்லை. படித்துவிட்டுத்தான் 'ஒய்' அழுத்தினேன்.